கேளுங்கள், சூடாகவே சொல்கிறேன்!

கணப்புக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் பழைய பேக் பாய்லரை என்ன செய்வது? பிரிட்டன் வாழ் வாசகர்கள் கேட்டவையும், உங்கள் மாமா நான் சொன்னவையும்.

கே: 1930களில் கட்டிய வீடு வாங்கியிருக்கிறோம். பாய்லர் எங்கே என்றால், விற்றவர் வரவேற்பறைக் கணப்பைக் கை காட்டுகிறார். நம்பலாமா? (வாசகி, ஹாரோ)

ப: நம்பலாம் அம்மா. முன்னால் எரிவது கேஸ் நெருப்பு. அதற்குப் பின்னால், புகைபோக்கிச் சுவரின் குழிக்குள் உட்கார்ந்திருப்பது பாய்லர். உட்காரும் அறைக்குச் சூடு முன்னாலிருந்து. குழாய்க்கும் ரேடியேட்டருக்கும் வெந்நீர் பின்னாலிருந்து. மாடியில் செப்பு வெந்நீர்த் தொட்டி ஒன்று, லாஃப்டில் தண்ணீர்த் தொட்டிகள் இரண்டு இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் நீங்கள் வாங்கியது வீட்டோடு ஒரு கூட்டுக் குடும்பத்தையும்!

கே: வீட்டில் வேறு இடமா இல்லை? போயும் போயும் கணப்புக்குள் ஏன் வைத்தார்கள்? (வாசகர், ஈஸ்ட் ஹாம்)

ப: குழி தயாராக இருந்தது, அதனால்! 1952 டிசம்பரில் லண்டனை மூச்சடைக்க வைத்த புகைப்பனி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நிலக்கரியின் மவுசு இறங்கியது. 1965இல் வட கடலில் எரிவாயு கண்டார்கள். 1967 முதல் 1977 வரை ஊர் ஊராகப் போய் அடுப்புகளை அந்த வாயுவுக்கு மாற்றினார்கள்.

நிலக்கரி காலி செய்த குழியில் கேஸ் பாய்லர் குடியேறியது. புகை போகப் புகைபோக்கி ஏற்கெனவே உண்டு. சமையலறையில் ஒரு சாண் இடமும் நட்டமில்லை. அன்றைக்கு அது கெட்டிக்காரத்தனம். இன்றைக்கு அது உங்கள் தலைவலி.

கே: எங்கள் கணப்பில் ‘பாக்ஸி பெர்முடா’ என்று எழுதியிருக்கிறது. பெரிய ஆளா? (வாசகர், டூட்டிங்)

ப: பேக் பாய்லர் உலகின் சூப்பர் ஸ்டார். லங்காஷயரின் சோர்லி ஊரில் 1866இல் ரிச்சர்ட் பாக்ஸெண்டேல் தொடங்கிய இரும்பு வார்ப்புத் தொழிலிலிருந்து வளர்ந்த கம்பெனி. அதே குடும்பத்தின் பிலிப் பாக்ஸெண்டேல் 1983இல் கம்பெனியைத் தொழிலாளர் கைக்கே மாற்றிக் கொடுத்தார். நல்ல மனிதர்கள் செய்த நல்ல சாமான். ஆனாலும் நல்ல சாமானுக்கும் ஓய்வு வயது உண்டு.

கே: முப்பது வருடமாக ஓடுகிறது. ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை. எதற்கு மாற்ற வேண்டும்? (வாசகர், குரோய்டன்)

ப: மக்கர் பண்ணவில்லை, சரி. கேஸ் பில் என்ன சொல்கிறது? பழைய பேக் பாய்லர்களில் பல 70 சதவீதத் திறனைக்கூடத் தொடுவதில்லை. நீங்கள் கட்டும் 100 பவுண்டில் 30 பவுண்டு புகைபோக்கி வழியே காக்காய்க்குச் சூடு காட்டப் போகிறது. புதிய கண்டென்சிங் பாய்லர்கள் (அது என்னவென்று பின்னால் சொல்கிறேன்) 90 சதவீதத்தைத் தாண்டுகின்றன.

பழைய பாய்லரில் எந்நேரமும் எரியும் பைலட் சுடரின் செலவு வேறு. உதிரிபாகமும் ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிறது. ஜனவரிக் குளிரில் அது படுத்த பிறகு மாற்றுவதைவிட, ஓடும்போதே மாற்றுவது மலிவு.

கே: மாற்றியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? விற்பனைக்காரர் அப்படித்தான் சொன்னார். (வாசகி, இல்ஃபோர்ட்)

ப: இல்லை. ஆண்டுதோறும் தகுதியான ஆளை வைத்துப் பார்த்து, அவர் பாதுகாப்பு என்று சொன்னால் ஓட்டலாம். பொய் சொல்லிப் பொருள் விற்பவரிடம் பொருளும் வாங்காதீர்கள்.

கே: அப்படியானால் பழசைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் புது பேக் பாய்லரே வைத்துவிடலாமா? (வாசகர், லெஸ்டர்)

ப: அந்தக் கதவு மூடி நாளாயிற்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரல் முதல் புது கேஸ் பாய்லர் கண்டென்சிங் வகையாக இருக்க வேண்டும் என்பது விதி. விலக்கு மிக அபூர்வம். இங்கிலாந்தில் 2018 ஏப்ரலில் இன்னும் இறுக்கினார்கள்: குறைந்தது 92 சதவீதத் திறன், நேரத்தையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்தும் கருவி. காம்பி (தொட்டியில்லாமல், குழாய் நீரைத் தேவைப்படும்போது சுடவைக்கும் பாய்லர்) வைத்தால் கூடுதலாக இன்னொரு சிக்கன ஏற்பாடும் வேண்டும். அதனால் பெட்டி இடம் மாறும், குழாய் மாறும், புகைவழி மாறும்.

பேக் பாய்லரை மாற்றுவதில் பாய்லர் பாதி, வீடு பாதி. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கே: மாலையில் கணப்பு அருகே உட்கார்ந்தால் எங்கள் இருவருக்குமே தலைவலி, குமட்டல். கடைக்குப் போய் வந்தால் சரியாகிவிடுகிறது. (வாசகி, மில்டன் கீன்ஸ்)

ப: இதைப் படிப்பதை நிறுத்துங்கள். கணப்பை அணையுங்கள். ஜன்னலைத் திறங்கள். எல்லாரும் வெளியே வாருங்கள். 0800 111 999 என்ற கேஸ் அவசர எண்ணை அழையுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். மருத்துவரிடம் போய் “கார்பன் மோனாக்சைடு என்று சந்தேகம்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குள் வலித்து வெளியே விட்டுப் போகும் தலைவலிக்கு மாத்திரை மருந்தல்ல.

கே: கணப்பு அறைச் சுவரில் ஒரு காற்றுத் துளை. குளிர் தாங்காமல் என் கணவர் துணி அடைத்து வைத்திருக்கிறார். (வாசகி, வெம்பிளி)

ப: இப்போதே உருவி எடுங்கள். பேக் பாய்லர் எரியத் தேவையான காற்றை அறையிலிருந்துதான் இழுக்கிறது. துளையை அடைத்தால் சுடர் திணறும்; விஷ வாயு பிறக்கும்; மேலே போக வேண்டிய புகை அறைக்குத் திரும்பும். கணவருக்குக் குளிர்கிறதா? ஸ்வெட்டர் போடச் சொல்லுங்கள். வீட்டுக்கு மூக்கடைப்பு வேண்டாம்.

கே: மீன் பொரிக்கும்போது வாசனை போக, சக்திவாய்ந்த எக்ஸ்ட்ராக்டர் ஃபேன் மாட்டினோம். அதற்கும் பாய்லருக்கும் சம்பந்தம் உண்டா? (வாசகர், நியூ மால்டன்)

ப: நல்ல கேள்வி, பலர் கேட்க மறக்கும் கேள்வி. ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வீடு எங்கிருந்தாவது காற்றை இழுக்கும். புகைபோக்கி வழியாகவும் இழுக்கும். அப்போது பாய்லர் புகை தலைகீழாக இறங்கலாம்.

ஆண்டுச் சோதனைக்கு வரும் இன்ஜினியரிடம், ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டுப் புகை திரும்புகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நம் சமையலுக்கு ஃபேன் வேண்டும். நம் மூச்சுக்கு இந்தச் சோதனை வேண்டும்.

கே: கார்பன் மோனாக்சைடு அலாரம் எங்கே மாட்டுவது? எது வாங்குவது? (வாசகர், ஸ்லவ்)

ப: பெட்டியில் பி.எஸ். இ.என். 50291 என்ற தரக்குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கணப்பு இருக்கும் அறையிலேயே, கருவியின் கையேடு சொல்லும் தூரத்தில் வையுங்கள். திரைச்சீலைக்குப் பின்னால் வேண்டாம். மாதம் ஒரு தரம் பொத்தானை அழுத்திப் பாருங்கள். வாடகை வீடு என்றால், இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல் அலாரம் மாட்டுவது உரிமையாளரின் கடமை. விலை? ஒரு குடும்பம் ஒரு வேளை வெளியே சாப்பிடும் செலவுகூட ஆகாது.

கே: என் மச்சான் பிளம்பிங் தெரிந்தவர். ரொக்கமாகக் கொடுத்தால் பாதி விலைக்கு முடிக்கிறேன் என்கிறார். (வாசகர், லூட்டன்)

ப: மச்சானிடம் கேஸ் சேஃப் பதிவு அட்டை இருக்கிறதா? 2009 ஏப்ரல் 1 முதல் அந்தப் பதிவு இல்லாமல் யாரும் பிறர் வீட்டு கேஸ் வேலையில் கை வைப்பது குற்றம். அட்டை இருந்தால் அதன் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி, எதுவரை செல்லும் என்று அங்கேதான் எழுதியிருக்கும்.

அட்டை இல்லையென்றால் மச்சானுக்கு விருந்து வையுங்கள், ஸ்பானரைக் கொடுக்காதீர்கள்.

கே: காம்பி நல்லதா, வெந்நீர்த் தொட்டி வைத்த பாய்லர் நல்லதா? நாங்கள் ஆறு பேர், குளியலறை இரண்டு. (வாசகி, ஹேய்ஸ்)

ப: காலை ஏழரை மணிக்கு உங்கள் வீட்டில் எத்தனை ஷவர் ஓடும்? அதில் இருக்கிறது பதில். 24 கிலோவாட் காம்பி, குழாய்த் தண்ணீரை 35 டிகிரி உயர்த்திச் சூடாக்கி நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் தரும். அது ஒரு ஷவருக்குப் போதும். இரண்டாவது திறந்தால் இரண்டு பேருக்கும் சண்டை. ஆறு பேருக்குத் தொட்டி வைத்த சிஸ்டம் பாய்லரே நிம்மதி. பெட்டி பெரிதா என்று பார்க்காதீர்கள். பிள்ளைகள் எழும் நேரத்தைப் பாருங்கள்.

கே: நாங்கள் இருவர் மட்டும். ஒரே குளியலறை. (வாசகர், சட்டன்)

ப: காம்பி போதும். தொட்டிகள் போகும், லாஃப்ட் காலியாகும், தேவைப்படும்போது மட்டும் தண்ணீர் சுடும். பிள்ளைகள் மருமக்களோடு பொங்கலுக்கு வந்தால் முறை வைத்துக் குளிக்கட்டும்.

கே: காம்பி வைக்கும் முன் நானே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஏதாவது? (வாசகர், ரெடிங்)

ப: உண்டு. ஒரு வாளி, ஒரு கைக்கடிகாரம். சமையலறைக் குளிர்நீர்க் குழாயை முழுதாகத் திறந்து ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று அளந்து பாருங்கள். தெருக் குழாயே எட்டு லிட்டர்தான் தருகிறது என்றால், எவ்வளவு பெரிய காம்பி வாங்கினாலும் ஷவரில் எட்டைத் தாண்டாது. காசு கொடுத்து வாங்கும் கிலோவாட் எல்லாம் குழாய் வாசலிலேயே நின்றுவிடும்.

கே: புது பாய்லர் மாட்டிய மறுநாளே பழைய ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கியது. வேலை சரியில்லையா? (வாசகர், நாட்டிங்ஹாம்)

ப: அவசரப்பட்டுத் திட்டாதீர்கள். உங்கள் பழைய அமைப்பு லாஃப்ட் தொட்டியின் உயரம் தரும் லேசான அழுத்தத்தில் ஓடியது. புதியது மூடிய அமைப்பு. 1 முதல் 1.5 பார் வரை அழுத்தம் ஏறும். இத்தனை நாள் துருவே அடைத்து வைத்திருந்த ஓட்டை இப்போது வாய் திறக்கிறது. இதை முன்கூட்டியே எச்சரித்து, கிழட்டு ரேடியேட்டர்களை அடையாளம் காட்டுபவரே நல்ல இன்ஜினியர். சொல்லாதவரைத் திட்டலாம்.

கே: கேஸ் குழாயையே மாற்ற வேண்டும் என்று தரையைக் கிளறச் சொல்கிறார்கள். காசு பிடுங்கும் வேலையா? (வாசகி, வால்தம்ஸ்டோ)

ப: பெரும்பாலும் நியாயமான வேலைதான். பழைய பேக் பாய்லருக்கு 15 மி.மீ. குழாய் போதுமானதாக இருந்திருக்கும். காம்பி வெந்நீர் தரும்போது கேஸை மளமளவென்று குடிக்கும். மீட்டரிலிருந்து பாய்லர் வரை அழுத்தம் ஒரு மில்லிபாருக்கு மேல் விழக் கூடாது என்பது கணக்கு. அதனால் பல வீடுகளுக்கு 22 மி.மீ. குழாய் தேவைப்படும். “அளந்து காட்டுங்கள்” என்று கேளுங்கள். அளந்தவர் காட்டுவார், அளக்காதவர் பேச்சை மாற்றுவார்.

கே: கண்டென்சிங் என்கிறார்களே, அப்படி என்னதான் செய்கிறது? (மாணவர், கோவென்ட்ரி)

ப: கேஸ் எரிந்தால் நீராவி பிறக்கும். பழைய பாய்லர் அந்த ஆவியை அப்படியே வெளியே துப்பிவிடும். புதியது, இட்லிப் பானை மூடியில் ஆவி தண்ணீராகச் சொட்டுவதுபோல, அதைக் குளிர்வித்து நீராக்கி, அதில் ஒளிந்திருந்த வெப்பத்தையும் பிடுங்கிக்கொள்ளும்.

ஒரு நிபந்தனை உண்டு. ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். பாய்லரை 80 டிகிரியில் ஓட்டினால் அந்த லாபத்தில் பெரும் பங்கு கைநழுவும். காம்பி வைத்திருப்பவர்கள் ரேடியேட்டருக்குப் போகும் வெப்பத்தை 60க்குக் குறைத்துப் பாருங்கள். வீடு மெதுவாகச் சூடாகும், பில் சீக்கிரம் இறங்கும்.

கே: அப்படியே வெந்நீர்த் தொட்டியின் சூட்டையும் 50க்குக் குறைத்துவிடட்டுமா? (வாசகர், ஹவுன்ஸ்லோ)

ப: வேண்டாம்! தேங்கி நிற்கும் வெதுவெதுப்பான நீரில் லீஜியோனெல்லா கிருமி குஷியாக வளரும். தொட்டிக்கு 60 டிகிரி. சிக்கனத்துக்கும் எல்லை உண்டு. அந்த எல்லையில் கிருமி காத்திருக்கிறது.

கே: புது பாய்லரிலிருந்து வெளிச்சுவர் வழியே ஒரு பிளாஸ்டிக் குழாய் போகிறது. கடுங்குளிரில் பாய்லர் களகளவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. (வாசகி, பர்மிங்ஹாம்)

ப: அந்தக் குழாயில் வருவது நான் சொன்ன ஆவி நீர்தான். லேசான அமிலத்தன்மை உடையது. குழாய் உறைந்தால் பாய்லர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். 2010 டிசம்பர் குளிரில் நாடு முழுக்க இதே கதை. கை எட்டும் உயரத்தில் இருந்தால் வெதுவெதுப்பான நீரை மெல்ல ஊற்றுங்கள், கொதிநீர் கூடாது. மறுபடி நடக்காமல் இருக்க, குழாயைக் கூடிய மட்டும் வீட்டுக்குள்ளேயே கொண்டுபோகச் சொல்லுங்கள். வெளியே போயே தீர வேண்டுமென்றால் குட்டையாக, தடிமனாக, வெப்பக் காப்பு சுற்றியபடி போகட்டும்.

கே: ‘பவர் ஃப்ளஷ்’ என்று தனியாகப் பணம் கேட்கிறார்கள். தேவையா? (வாசகர், எட்ஜ்வேர்)

ப: பல ஆண்டு ஓடிய ரேடியேட்டருக்குள் கறுப்புச் சேறு இருக்கும். இரும்பு துருப்பிடித்துப் பிறந்த சேறு. அதைக் கழுவாமல் புது பாய்லரை இணைத்தால், அதன் மெல்லிய நாளங்கள் முதல் குளிர்காலத்திலேயே அடைபடும். கழுவட்டும், காந்த வடிகட்டி வைக்கட்டும், துருத் தடுப்பு மருந்து ஊற்றட்டும். கழுவாமல் விட்டால் உத்தரவாதமும் பல இடங்களில் கையை விரிக்கும்.

கே: பழைய பாய்லரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்குமா? (வாசகி, ஹை விக்கம்)

ப: பாய்லரைச் சுற்றியுள்ள கயிற்றடைப்பு, பழைய புகைக்குழாய், வெந்நீர் அலமாரிப் பலகை, இவற்றில் இருக்கலாம். பிரிட்டன் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்ததே 1999இல்தான். சந்தேகம் வந்தால் உடைக்காதீர்கள், துளை போடாதீர்கள், பெருக்காதீர்கள். மாதிரி எடுத்துச் சோதித்த பிறகே வேலை. அவசரக்கார பில்டரின் சுத்தியலை நீங்கள்தான் பிடித்து நிறுத்த வேண்டும்.

கே: பாய்லரை எடுத்துவிட்டு, முன்னால் உள்ள கேஸ் நெருப்பை மட்டும் அழகுக்கு வைத்துக்கொள்ளலாமா? (வாசகர், சர்பிட்டன்)

ப: கூடாது. இரண்டும் ஜோடியாக வடிவமைக்கப்பட்டவை. ஒன்று போனால் மற்றதும் போக வேண்டும். வேறு நெருப்பு வைக்கலாம். அதற்குப் புகைபோக்கியைப் புதிதாகச் சோதிக்க வேண்டும்.

கே: பாய்லர் போன குழியில் சாமி மாடம் வைக்க ஆசை. (வாசகி, கிங்ஸ்பரி)

ப: அருமையான யோசனை. சாமிக்கு முன் நான்கு காரியம். கேஸ் குழாயைத் தகுதியான ஆள் முறையாக அடைக்க வேண்டும். பழைய புகைக்குழாயை உருவி எடுக்க வேண்டும். புகைபோக்கியின் தலையில் மழை இறங்காத, காற்றுப் போகும் மூடி வைக்க வேண்டும். கீழே மாடத்துக்கு மேல் பக்கம் அடைத்தாலும் ஒரு சிறு காற்றுத் துளை விட வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் ஈரம் பூக்கும்.

அகலப்படுத்துகிறேன் என்று புகைபோக்கிச் சுவரை இடிக்காதீர்கள். அது மேல்மாடிச் செங்கலைத் தாங்குகிறது. பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் என்றால் 1996 பொதுச்சுவர்ச் சட்டமும் குறுக்கே வரும். மாடம் சின்னதானாலும் விளக்கு பிரகாசிக்கும்.

கே: எங்கள் வீட்டில் கேஸ் இல்லை, விறகுக் கணப்பு. பின்னால் எப்போதோ பயன்படுத்திய பேக் பாய்லர் துண்டிக்கப்பட்டுக் கிடக்கிறதாம். கிறிஸ்துமஸுக்கு நெருப்பு மூட்டலாமா? (வாசகர், கார்டிஃப்)

ப: மூட்டாதீர்கள். அந்த இரும்புப் பெட்டிக்குள் தண்ணீர் தங்கியிருந்து குழாய் வாய்கள் அடைபட்டிருந்தால், நீங்கள் மூட்டுவது வெடிகுண்டுக்குத் திரி. நீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு விரியும். போக வழியில்லை என்றால் சுவரைப் பெயர்க்கும். பிரிட்டனில் இப்படி உயிர் போயிருக்கிறது. கழற்றி எடுப்பதே முதல் தீர்வு. முடியாதென்றால், நீர் வடித்து, அழுத்தம் சேர முடியாதபடி துளையிட்டு விட வேண்டும். அதையும் தெரிந்த ஆள் வந்து பார்த்துச் சொன்ன பிறகே தீப்பெட்டி.

கே: வாடகை வீடு. பேக் பாய்லர் அடிக்கடி நிற்கிறது. உரிமையாளர் டிமிக்கி கொடுக்கிறார். (வாசகி, பார்க்கிங்)

ப: பாய்லரின் வகையை மாற்றும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. சூடும் வெந்நீரும் கிடைக்கும்படி பழுது பார்ப்பது அவர் கடமை. 1985 வீட்டு உரிமையாளர்-வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை கேஸ் சோதனை கட்டாயம். 28 நாளில் அதன் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். தேதி போட்ட கடிதத்துக்கு முன் டிமிக்கி செல்லாது. அதற்கும் மசியாவிட்டால் கவுன்சிலுக்கு எழுதுங்கள்.

கே: பாய்லரே வேண்டாம், வெளியிலுள்ள வெப்பத்தை வீட்டுக்குள் இழுக்கும் ஹீட் பம்ப் வைக்கலாம் என்கிறாள் மகள். குளிர் நாட்டில் அது வேலை செய்யுமா? (வாசகர், வாட்ஃபர்ட்)

ப: ஐரோப்பாவில் வீட்டுக்கு வீடு அதை அதிகம் மாட்டியிருப்பவர்கள் நார்வே, சுவீடன், பின்லாந்துக்காரர்கள். அவர்களைவிட வாட்ஃபர்டில் குளிரா? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கேஸ் பாய்லருக்குப் பதிலாக வைத்தால் அரசின் 7,500 பவுண்டு உதவித்தொகை உண்டு; விண்ணப்பத்தை மாட்டுபவரே போடுவார். 2027 மார்ச் 31 வரை வாட் வரியும் கிடையாது.

ஆனால் வீட்டில் சூடு தங்க வேண்டும், ரேடியேட்டர்கள் சிலவற்றைப் பெரிதாக்க வேண்டியிருக்கும், அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கைப் போடாமல் விலை சொல்பவரை வாசலோடு அனுப்புங்கள். மகளைக் கூட உட்கார வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். அந்த வீட்டில் நெடுநாள் வாழப் போவது அவள்.

கே: இப்போதைக்குக் காம்பிதான். மாடியிலுள்ள வெந்நீர் அலமாரியை இடித்துக் குளியலறையைப் பெரிதாக்கட்டுமா? (வாசகர், பின்னர்)

ப: கொஞ்சம் பொறுங்கள். பின்னால் ஹீட் பம்புக்கு மாறினால் வெந்நீர்த் தொட்டி மறுபடி வேண்டும்; அதற்கு இடமும் வேண்டும். இடித்த இடத்தைத் திரும்பக் கட்டச் சொல்லி உங்கள் பிள்ளைகளிடம் பில் நீட்டாதீர்கள். இப்போதைக்குப் போர்வைகள் குடியிருக்கட்டும்.

கே: வீட்டுக்கு வந்தவர், “இன்றே கையெழுத்துப் போட்டால் ஆயிரம் பவுண்டு தள்ளுபடி” என்றார். போட்டுவிட்டேன். (வாசகர், ஆக்ஸ்ஃபர்ட்)

ப: வீட்டில் வைத்துச் செய்த ஒப்பந்தத்துக்குப் பொதுவாக 14 நாள் ரத்து உரிமை உண்டு. உடனே எழுத்தில் ரத்து செய்து, மூன்று பேரிடம் விலை கேளுங்கள். விலைப் பட்டியலில் பழைய பாய்லரை அகற்றுவது, புகைபோக்கி மூடி, கேஸ் குழாய், ஃப்ளஷ், சுவர் பூச்சு எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். முன்பணத்தை கிரெடிட் கார்டில் கட்டினால், 100 பவுண்டுக்கு மேற்பட்ட வேலைக்கு 1974 நுகர்வோர் கடன் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். நாளை போய்விடும் தள்ளுபடி, நாளை மறுநாள் திரும்பி வரும்.

கே: வேலை முடிந்தது. என்னென்ன காகிதம் கேட்டு வாங்க வேண்டும்? (வாசகி, மோர்டன்)

ப: கட்டட விதிச் சான்றிதழ், பாய்லர் பொருத்திய விவரம் நிரப்பிய பெஞ்ச்மார்க் பதிவேடு, உத்தரவாதப் பதிவு, கையேடு. நான்கையும் ஒரே உறையில் போடுங்கள். வீட்டை விற்கும் நாளில் வழக்கறிஞர் கேட்பார். ஆண்டுக்கு ஒரு சர்வீஸ் தவறினால் பத்து ஆண்டு உத்தரவாதம் வெறும் அட்டை.

கே: எந்த மாதத்தில் மாற்றுவது நல்லது? நல்ல நாள் பார்க்க வேண்டுமா? (வாசகர், கிரேவ்ஸ்எண்ட்)

ப: ஜூன், ஜூலை எல்லாமே நல்ல நாள்தான். இரண்டு மூன்று நாள் வெந்நீர் இல்லாவிட்டாலும் வெயில் காலத்தில் தாக்குப்பிடிக்கலாம். இன்ஜினியருக்கும் அவசரம் இருக்காது. டிசம்பரில் எல்லா நாளும் ராகு காலம்.

கே: அம்மாவுக்கு எண்பது வயது. அந்த நெருப்பைப் பார்த்துக்கொண்டே உட்காருவார். எடுத்துவிட்டால் மனசு உடைந்துவிடும். (வாசகர், நார்த்தோல்ட்)

ப: தம்பி, இதை இன்ஜினியர் கேட்க மாட்டார், நீதான் கேட்க வேண்டும். அதே இடத்தில் சுடர் தெரியும் மின் கணப்பு வைக்கலாம். புகை இல்லை, வாயு இல்லை. அம்மாவின் நாற்காலி அருகே ஒரு ரேடியேட்டர் வரும்படி குழாயை இழுக்கச் சொல். பெரிய எழுத்துத் தெர்மோஸ்டாட்டை அம்மா கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டு. கைப்பேசிச் செயலியில் மட்டும் இயங்குவது அம்மாவுக்கு ஆகாது. பாய்லரை மாற்றலாம். அம்மாவின் இடத்தை மாற்றாதே.

கே: எல்லாம் மாற்றியாயிற்று. புது பாய்லர் ஜோராக ஓடுகிறது. இனி செய்ய ஏதாவது பாக்கி? (வாசகர், ஹாரோ)

ப: ஒன்று பாக்கி. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் குடும்பம் முழுவதையும் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றுங்கள். கேஸ் மீட்டரின் அடைப்பான் எங்கே, தண்ணீர் ஸ்டாப்காக் எங்கே, பாய்லரின் அழுத்தமானி எதைக் காட்ட வேண்டும், 0800 111 999 எந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறது, எல்லாவற்றையும் பத்து வயதுப் பேத்தி முதல் பாட்டி வரை தொட்டுப் பார்க்கட்டும். வைஃபை கடவுச்சொல் தெரிந்த அத்தனை பேருக்கும் கேஸை அடைக்கத் தெரிந்திருக்க வேண்டும்!